அண்ணி தோட்டத்து மண்

என் அண்ணிக்குத் தெருவில் 'ஹாரன்' என்று பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் வாசலுக்கு வாசல் அவர் அடிக்கிற ஹாரனைவிட, "இன்னும் ஷூ போடலையா?" என்று கேட்கிற குரல்தான் பலம். நான் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அலாரம் வைக்கிற வேலையே எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை. முதலாளி தொழில் நொடித்துக் கண்காணாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மழை பெய்தால் அங்கே தேங்குகிற தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக எங்கள் கொல்லைப்புறங்களுக்கு வரும். தண்ணீர்தானே என்று விட்டுவிட்டோம். அந்த ஈரத்தில் அண்ணி கீரை போட்டிருந்தார். தளதளவென்று வளரும். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அந்தந்த வீட்டில் ஒரு கட்டுக் கீரையை இறக்கிவிட்டுப் போவார்.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியரம்மா வந்தார். தெருக்காரர்களைப் பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டினார். குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கேட்டோம். கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்ய அரசாங்கம் மானியம் ஒதுக்கியிருக்கிறதாம். பட்டறை நிலத்துக்காக நகராட்சி விண்ணப்பிக்கப் போகிறது. ஈயம் எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டினால், எங்கள் கொல்லைகளையும் அதிலேயே சேர்த்துவிடலாம். அதற்கு வீட்டு மண்ணை எடுத்துச் சோதிக்கச் சம்மதம் வேண்டும்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூலை வீட்டுக்காரர் எழுந்தார். "மண்ணுல விஷம்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு இந்த வீடுகளை யாருங்க வாங்குவா? நல்லா இருக்கிற தெருவுக்கு நாமளே பேரைக் கெடுத்துக்கணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். என் அண்ணனும் ஆட்டினார்.

"எங்க வீட்டுல எடுங்க மேடம்" என்றார் அண்ணி. அண்ணன் முழங்கையால் இடித்தார். "எதுக்கு இடிக்கிறீங்க? மண்ணைத்தானே கேக்குறாங்க, மாடியையா கேக்குறாங்க?"

வகுப்பறை சிரித்தது. ஆனால் வேறு யாரும் கை தூக்கவில்லை.

சோதனை முடிவு வந்ததும் இன்ஜினியரம்மா நேரிலேயே வந்து, அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். "நீங்க கீரை போட்டிருக்கிற இடத்துலதான் ஈயம் ரொம்ப அதிகம். இனிமே அதைத் தொடாதீங்க. உங்க பொண்ணுக்கு ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கான்னு பாத்துடுங்க."

அண்ணி அடுப்பை அணைத்தார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் கீரை குடுத்த வீடுங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்களும் பாக்கணும்."

இன்ஜினியரம்மா போனதும் அண்ணன் கதவைச் சாத்தினார். "கீரையைப் பிடுங்கிப் போட்டுட்டு நமக்குள்ளயே வச்சுக்கலாம். வெளிய சொன்னா உன் வேன்ல ஒரு பிள்ளை ஏறாது."

"ஏறாட்டி போகட்டும். பிள்ளை வயித்துல என்ன போச்சுன்னு பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அன்று மாலையே கிளம்பினார். வேனைத் தொடவில்லை. நடந்து போனார், துணைக்கு நான். வாசலில் நின்று சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நான் குடுத்த கீரையில ஈயம் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க."

சிலர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். எங்கள் தெருத் தையல்காரி மட்டும், "உன்னை நம்பித்தானே என் பொண்ணுக்கு ஊட்டினேன்" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள். அண்ணி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "போதும் அண்ணி, வீட்டுக்குப் போவோம்" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அடுத்தது யார் வீடு?" என்றார்.

மூலை வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். பெரியவர் கத்தப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கேட்டுவிட்டுத் தன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கொல்லைக்கும் அதே தண்ணிதானே வருது?"

"ஆமாங்க."

"பேரன் அங்கதான் மண்ணைக் குழைச்சு விளையாடுறான்."

மறுநாள் இன்ஜினியரம்மாவுக்கு முதல் போன் அவருடையது. தன் மேலேயே பழி வரும் என்று தெரிந்தும் ஒருத்தி வாசலில் வந்து நின்று சொன்ன பிறகு, மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொருவராகக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணன் பயந்ததும் நடந்தது. பல மாதம் வேனில் பாதி இருக்கை காலி. ரத்தப் பரிசோதனையில், அண்ணன் மகள் உட்படச் சில பிள்ளைகளுக்கு ஈயம் கூடுதலாக இருந்தது. "உள்ள போறது நின்னாக் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். ஆனா விடாம வந்து பாக்கணும்" என்றார் டாக்டர். அந்த 'விடாம' என்ற சொல்லை அண்ணி பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைத் தன் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள் தையல்காரியும் மகளோடு வந்து முன் இருக்கையில் ஏறினாள். பாதி வழியில், "ஏசி போட மாட்டியா?" என்றாள். "இருந்தாப் போட மாட்டேனா?" என்றார் அண்ணி. அதோடு சரியாகிவிட்டது.

நிலம் யாருடையது என்ற கேள்வியில் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. நகராட்சி நிலத்தைச் சட்டப்படி எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்ப, மானியம் கிடைத்தது. புழுதி கிளம்பாதபடி தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பட்டறை மண்ணைத் தோண்டி, மூடிய லாரிகளில் கொண்டுபோனார்கள். எங்கள் கொல்லைகளையும் சுரண்டி எடுத்துப் புது மண் கொட்டினார்கள். பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் இறங்கிக்கொண்டே வந்தது.

இப்போது இப்படிக் கெட்ட நிலத்தை ஒட்டிய வேறு தெருவில் யாராவது மண் கொடுக்க மறுத்தால், இன்ஜினியரம்மா அண்ணியைத்தான் கூப்பிடுகிறார். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு வீட்டுக்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க தெருவுல வீட்டு விலை விழுந்துடுச்சாமே?"

"விழுந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி. "உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

அந்தப் பெண் வழியைவிட்டு நகர்ந்து, உள்ளே போய் ரெண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.