தெருவிளக்கு கட்டிய கோட்டை

தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக்கிச் சொல்வதில் என் அத்தையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பாவின் தங்கை. புருஷனை இழந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்து இருந்தாள். கல்வராயன் மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கள்ளக்குறிச்சியைத் தாண்டியதில்லை. அத்தை சின்னசேலம் வரைக்கும் போய் ரயிலையே பார்த்துவிட்டு வந்தவள். "ஒரு தெருவுல இருக்கிற வூடெல்லாம் ஒண்ணோட முந்தானைய ஒண்ணு புடிச்சிக்கினு ஓடினா எப்பிடி இருக்கும்? அதான் ரயிலு" என்றாள். பின்னாளில் நான் நிஜ ரயிலைப் பார்த்தபோது அது கொஞ்சம் குறைவாகத்தான் தெரிந்தது.

எதைச் சொன்னாலும் ஒரு 'மாதிரி' போட்டுத்தான் சொல்வாள். அதனால் ஊரில் அவளுக்கு 'மாதிரிக்காரி' என்றே பெயர். சாயங்காலமானால் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பாதியை நம்புவார்கள், பாதிக்குச் சிரிப்பார்கள், மறுநாளும் வருவார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது. முதலில் கோயில் பக்கத்துக் கம்பத்தில் ஒரே ஒரு விளக்கு. அன்று பொழுது சாய்ந்ததும் ஊரே கம்பத்தடியில் கூடிவிட்டது. விளக்கு எரிந்தது. "வெளிச்சமா கீதுப்பா" என்றார் ஒருவர். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் வார்த்தை வரவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "நடுவுல எலுமிச்சம்பழம் மாதிரி. அத்த சுத்தி வளையலு அடுக்கி வெச்ச மாதிரி இருக்குது. உள்பக்கம் நீலம், வெளிய செவப்பு" என்றாள்.

கூட்டம் மறுபடி அண்ணாந்து பார்த்தது. எந்த வளையல், எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மின்விளக்கு எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியாவிட்டால் தன் கண்தான் பழகவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். இமை மயிரில் வெளிச்சம் கோடு கோடாக உடைந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. "ஆமா அத்தை, எனக்கும் தெரியுது" என்று துள்ளினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாதான் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தார். நிலாவைச் சுற்றி வளையம் விழுந்தால் கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. நிலாவுக்கு ஒன்று என்றால் விளக்குக்கும் அதுதானே! "லைட்டு கோட்டை கட்டிக்கினு கீது. மழ உண்டு" என்றார். கெட்ட நேரம், அந்த வாரமே மழை கொட்டியது.

அதன் பிறகு அத்தையின் மவுசு ஏறிவிட்டது. சாமை விதைப்பதற்கு முன்னால் வந்து, "இன்னிக்கி கோட்டை இருக்குதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. சில நாள் இருக்கிறது என்பாள். சில நாள் இல்லை என்பாள். அதனாலேயே நம்பிக்கை இன்னும் கூடியது. மழை வந்த நாட்களை ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது, வராத நாட்களை மறந்துபோனது. கோட்டை தெரிகிற நாட்களில் அவளுக்குப் புருவத்துக்கு மேலே வலி பிளக்கும். "அந்த லைட்டையே மொறச்சிக்கினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?" என்று திட்டிக்கொண்டே அம்மா தைலம் தேய்த்துவிடுவாள். தூங்கி எழுந்தால் வலி போய்விடும். அத்தோடு அந்தப் பேச்சும் போய்விடும்.

கொஞ்ச நாளில் அத்தை நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ரசத்தை ஊற்றினாள். "மழையப் பாக்குற கண்ணு தட்டப் பாக்க மாட்டேங்குது" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அத்தையும்தான் சிரித்தாள். ஒருநாள் அவளுக்கு இடதுபக்கம் நின்று ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை. கோபமாக்கும் என்று நினைத்து நானே தின்றுவிட்டேன். அதற்கும் பிறகுதான், அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான், அப்பா அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் போகிற ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன்.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏதோ மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார். பிறகு, விளக்கைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம், வளையல், நீலம், சிவப்பு என்று ஒன்று விடாமல் சொன்னாள். எங்கள் ஊரில்கூட யாரும் அவள் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ஊருக்கு கரண்டு வந்ததுலேர்ந்துங்க."

"அப்பவே வந்து காட்டியிருக்கக் கூடாதாம்மா?"

"கரண்டு லைட்டுன்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேங்க."

டாக்டர் அப்பாவின் பக்கம் திரும்பினார். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, இடது கண் போய்விட்டது, போனது திரும்பாது, வலது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அத்தை அதையெல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை.

"அப்ப மத்தவங்களுக்கு லைட்டு எப்பிடிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

அவர் தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டைப் பார்த்தார். "சும்மா வெள்ளையா தெரியும்மா."

"அவ்ளோதானாங்க?" என்றாள் அத்தை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குக் கம்பத்தடியில் எங்களில் ஒரே ஒருவர், "எனக்கு அப்படித் தெரியலையே" என்று சொல்லியிருந்தால் போதும். அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. தெரியவில்லை என்பதை அத்தனை பேரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு தலையாட்டினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை. வலது கண்ணும் நெடுநாள் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ் மலையடிவாரத்தை நெருங்கியது. பொழுது சாய்ந்து கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. அத்தை ஜன்னலோரத்தில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்காகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மருந்து ஊற்றினால் வளையம் போய்விடும் என்று அப்பா சொல்லியிருந்ததால் எனக்குக் கவலையாக இருந்தது. அவள் காதோரம் போய், "அத்தை, இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதுடி" என்றாள்.

அப்பாடா என்று அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.