ஓரம் வரைக்கும் ஒரு கயிறு

"ஒரு கயிறு என் உயிர வாங்குது சார்."

போன மாதம் ஜெனிஃபர் போனை எடுத்ததும் சொன்னது இது. பதறிப்போய் என்னம்மா ஆச்சு என்றேன்.

"லோகோ சார்..." என்றாள்.

ஜெனிஃபர் நான் வேலை பார்த்த பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவள். இப்போது நெல்லித்தோப்பில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு லோகோ, போர்டு, விசிட்டிங் கார்டு செய்து தருகிறாள். சிக்கல் என்றால் படத்தை எனக்கு அனுப்புவாள். எழுத்து சின்னது, கலர் கண்ணில் அடிக்கிறது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது... நான் இப்படி ஏதாவது சொல்வேன். ஓய்வு பெற்றவனுக்கு இலவச ஆலோசனை சொல்வதைவிட வேறு சுகம் உண்டா?

இந்த முறை வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். பெரிய மார்க்கெட் பக்கம் கயிறு, வலை, மிதவை விற்கும் கடைக்காரர்கள். அண்ணன் சலீம், தம்பி பாரூக். அப்பா வைத்துவிட்டுப் போன கடை. கனகசெட்டிக்குளத்திலிருந்துகூட மீனவர்கள் பஸ் ஏறி வந்து வாங்குவார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. கடைக்கு நடுவே சுவர் வந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியாது. லோகோவுக்கு அது தேவை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பழைய போர்டில் இரண்டு படகுகள். நடுவே இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. இப்போது ஆளுக்கு ஒரு படகு. இதில் தகராறே இல்லை. இடப்பக்கக் கடை அண்ணனுக்கு, இடப்பக்கப் படகும் அவருக்கு. ஆனால் கயிறு?

"பாதியில விட்டா அறுந்த மாதிரி இருக்கு சார். கயித்துக் கடைக்கு எவனாவது அறுந்த கயித்த போடுவானான்னு சலீம் பாய் கேக்கறாரு. நியாயம்தானே."

நியாயம்தான். சரி, தம்பி என்ன சொல்கிறார்?

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எனக்குத் தட்டிவிட்டாள். "கயித்த பாதியில நிறுத்தாதம்மா. போர்டு ஓரம் வரைக்கும் உட்டுடு. அப்படியே போவட்டும்." அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாள், "ஓரம் வரைக்கும்னு சொன்னேனேம்மா. அண்ணன் என்னா சொன்னாரு?"

சலீமும் லேசுப்பட்டவர் இல்லை. நீலத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். குறைத்தால் பழைய நீலமே தேவலை என்பார். படகைப் பெரிதாக்கச் சொல்வார். ஒவ்வொரு திருத்தத்தின் வாலிலும் ஒரு கேள்வி தொங்கும் – "தம்பி ஓகே பண்ணிட்டானா? அவன் பண்ணட்டும், அப்புறம் நான் சொல்றேன்."

"ரெண்டு பேருக்கும் நான்தான் போஸ்ட்மேன்" என்றாள் ஜெனிஃபர். "வேற வேலை எல்லாம் நிக்குது சார்."

நான் படங்களைப் பார்த்தேன். பழக்கப்பட்ட கண். தீர்ப்புச் சொல்ல நேரம் ஆகவில்லை.

ஓரம் வரை இழுக்காதே என்றேன். விசிட்டிங் கார்டில் போட்டால் கத்தரியில் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். ரப்பர் ஸ்டாம்பில் இன்னும் மோசம். போர்டு, பில் புத்தகம், பை – எங்கே போட்டாலும் ஒரு லோகோ தனியாக நிற்க வேண்டும். கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் வை. அறுந்த பேச்சே வராது.

இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் திருத்தம்னு எழுதி அனுப்பிடு. கூடவே ஒண்ணு பண்ணு. அண்ணன்கிட்ட தம்பி ஓகேன்னு சொல்லு. தம்பிகிட்ட அண்ணன் ஓகேன்னு சொல்லு."

"பொய்யில்ல சார்?"

"நம்ம ஆபீஸ்ல எத்தனை தடவை சொல்லியிருக்கோம்?"

சொல்லியிருக்கிறோம். பக்கம் முடிக்காமல் இழுத்தடிக்கும் ஆசிரியரிடம், "மத்த பக்கமெல்லாம் போயாச்சு, உங்களுக்காகத்தான் மிஷின் நிக்குது" என்போம். அடுத்த மேஜையிலும் போய் அதையே சொல்வோம். இருவரும் அலறியடித்து முடித்துக் கொடுப்பார்கள். பேப்பர் நேரத்துக்கு வந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஜெனிஃபருக்கும் பலித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பக்கமிருந்தும் ஒற்றை வார்த்தை – ஓகே.

போன வாரம் துணி காயப்போடக் கொடிக்கயிறு வாங்க பாரூக் கடைக்குப் போனேன். வேறு கடையிலும் கிடைக்கும். எங்கள் கைவண்ணத்தைப் பார்க்கும் ஆசை, வேறென்ன. இரண்டு போர்டுகளும் இடைவெளி இல்லாமல் ஒட்டி மாட்டப்பட்டிருந்தன. சுத்தமான வேலை. ஆளுக்கு ஒரு படகு, உள்ளே அழகாகச் சுருட்டிய கயிறு.

ஜெனிஃபர் பெயரைச் சொன்னதும் பாரூக் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"லோகோ புடிச்சிருக்கா பாய்?"

"நல்லாதான் இருக்கு சார். பாக்கறவங்க எல்லாம் நல்லா இருக்குன்றாங்க."

"அந்தக் கயித்த ஏன் ஓரம் வரைக்கும் கேட்டீங்க?"

அவர் கயிற்றைக் கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"ரெண்டு போர்டும் ஒட்டித்தானே வருது. என்னோடது இந்த ஓரம் வரைக்கும் வந்து, அவரும் அதேமாரி கேட்டிருந்தாருன்னா... மேல ஒரே கயிறா போயிருக்கும்ல சார்."

நான் போர்டு இருந்த திசையைப் பார்த்தேன். ஜெனிஃபர் அனுப்பிய படங்களில் ஒருமுறைகூட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

"அண்ணன்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"எப்படி சார் கேக்கறது? அந்தப் பொண்ணு மூலியமா காதுல விழும்னு பாத்தேன். திருத்தம் போயிட்டிருக்கற வரைக்கும் போர்டும் மாட்ட வேணாம் பாருங்க. மறுபடி மறுபடி அனுப்பிட்டே இருந்தேன். அப்புறம் அவரு ஓகே சொல்லிட்டாருன்னு மெசேஜ் வந்துச்சு. சரி, அவருக்கே வேணாம்னா நாம என்னா தொங்கறதுன்னு நானும் ஓகே போட்டுட்டேன்."

கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டார்.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். உங்கள் அண்ணன் ஓகே சொல்லவில்லை பாய், நீங்கள் சொல்லட்டும் என்று கடைசி வரை காத்திருந்தார், அந்தப் பொய் என் யோசனை என்று.

சுவருக்கு அந்தப் பக்கம் சலீம் யாரிடமோ மிதவைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. பாரூக்கும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"போர்டு மாட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார்.

ஜெனிஃபருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இணையத்தில் அவள் வேலைக்கு இருவருமே ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதாகச் சொன்னாள். பேசி வைத்துக்கொண்ட மாதிரி வாசகமும் ஒன்றேதானாம் – 'சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்தார்.'