மேருவில் ஒரு ரஷ்யா

எங்கள் வீட்டு மேல் அறையில் ஒரு பையன் மூன்று வருஷத்துக்கும் மேலாக வாடகைக்கு இருந்தான். அத்தனை காலமும் அவன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீடு இருப்பது மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில்.

பையன் பெயர் கேதீஸ்வரன். நாங்கள் கேதீஸ் என்றுதான் கூப்பிடுவோம். சொந்த வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். அப்பா வல்லிபுரம் ஐயா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பட்டம் வாங்கிய படங்களை மாட்டுவதற்கென்றே அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் உண்டு. பெரியப்பா, அத்தை, அண்ணன், அக்கா என்று எல்லாரும் கறுப்பு அங்கியில், தலையில் சதுரத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். கேதீஸ் பிறந்த வருஷமே அவனுக்கும் ஓர் ஆணி அடித்து வைத்துவிட்டார்கள். அதில் மளிகைக் கடை காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் படிவத்தில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில் கேதீஸ் மலாய், தமிழ், வரலாறு என்று மூன்றில்தான் தேறினான். கணக்கில் சுத்தமாக விழுந்தான். அந்த வாரமே கோயிலில் வல்லிபுரம் ஐயா பிரசாத வரிசையில் நிற்கும்போது, கோயில் செயலாளர் இராமலிங்கம் வந்து தோளில் கை போட்டிருக்கிறார்.

"என்ன வல்லிபுரம், மகனுக்கு எத்தனை ஏ? எங்க ஷான் அயர்லாந்து போறான். மெடிசின்."

ஐயாவுக்கு என்ன ஆனதோ, வாயிலிருந்து, "நம்மவன் ரஷ்யா. மெடிசின்" என்று வந்துவிட்டது. முருகன் சன்னதிக்கு எதிரில் நின்று சொன்னதாலோ என்னவோ, சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

ரஷ்யாவில் இருக்கிற பையன் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது அல்லவா. தெரிந்தவர் யாரும் வராத இடமாகத் தேடி, பண்டமாரானில் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார் ஐயா. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா, நம்ம ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்கதானே?" என்று கேட்டார். தமிழ் ஆட்களான எங்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்டார். நல்ல மனுஷர், மனசில் ஒன்றும் இல்லை.

கேதீசுக்குப் பக்கத்து ஊரான மேருவில் உறைபொருள் குளிர்க்கிடங்கில் வேலை கிடைத்தது. மீன், கோழி, பரோட்டா எல்லாம் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். உள்ளே போகக் கம்பெனியே தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் கொடுக்கும். ஒரு நாள் அந்த உடுப்பில், புருவத்தில் பனி படிந்திருக்க, வேலை செய்யும் பங்களாதேஷ் பையன் ஒருவன் அவனைப் படம் எடுத்துக் கொடுத்தான். கேதீஸ் அதை விளையாட்டாக அப்பாவுக்கு அனுப்பினான். அவரோ அதைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: "மகன், குளிர்காலம்."

குழுவே உருகிவிட்டது. இஞ்சித் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், காதை மூடச் சொன்னார்கள். ஓர் ஆன்டி தன்னுடைய ரத்தப் பரிசோதனைத் தாளையே அனுப்பிச் சர்க்கரை கூடுதலா என்று கேட்டுவிட்டார். கேதீஸ் பயந்துபோய், "உங்க டாக்டரைப் பாருங்க ஆன்டி" என்று பதில் போட்டான். படிக்கிறபோதே எவ்வளவு பொறுப்பு என்று அதற்கும் பாராட்டு வந்தது.

அந்தக் கிடங்கில்தான் ஒரு நாள் பெட்டி அடுக்கு சரிந்து அவன் வலது தோளில் விழுந்தது. கிள்ளான் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே சிகிச்சை கொடுப்பவள் நுஸைபா என்று ஒரு பிள்ளை. முதல் நாள், "உங்களால எதைச் செய்ய முடியல?" என்று கேட்டாளாம். தலை சீவ முடியவில்லை என்றான் இவன். "சரி, சீப்பைக் கொண்டு வாங்க. அதுதான் நம்ம பாடம்" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்: "ஆன்டி, படிச்சவங்கள்ல என்கிட்ட எத்தனை மார்க்னு கேக்காம, கை எவ்வளவு தூரம் தூக்க முடியும்னு கேட்ட முதல் ஆள் அவங்கதான் லா."

தலை சீவ முடிந்த அன்றே, பிசியோ படிக்கப் போகிறேன் என்றான். விசாரித்தால் டிப்ளோமாவுக்கே ஐந்து பாடம் தேறியிருக்க வேண்டுமாம், கணக்கும் அறிவியலும் கட்டாயமாம். வேலை முடிந்து கிள்ளானில் மாலை வகுப்புக்குப் போனான். சீருடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் மீசை வைத்த இவனும் உட்கார்ந்து எழுதினான். நான் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். அறிவியல் தேறியது. அம்மனுக்கும் கணக்குக் கொஞ்சம் கஷ்டம் போலிருக்கிறது, அது மட்டும் மறுவருஷம்தான் வந்தது.

தேறிய செய்தியைச் சொல்ல அப்பாவை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னான். ஐயா வழக்கம்போலத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். தேநீர் வைத்தேன்.

"பிசியோவா? கை கால் பிடிச்சு விடறதுக்கு எதுக்குடா காலேஜ்?"

"அப்பா, உங்க முட்டிக்கு டாக்டர் எங்க போகச் சொன்னாரு?"

ஐயா முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "அது இல்லடா பிரச்சினை. அங்க நீ மூணாவது வருஷம் முடிச்சிட்ட. நல்லாப் போய்க்கிட்டிருக்கு. இப்ப விட்டா என்ன சொல்றது? கொஞ்சம் பொறு. இன்னும் மூணு வருஷத்துல டாக்டராயிடுவே. அப்புறம் என்ன வேணும்னாலும் படி" என்றார்.

கேதீஸ் என்னைப் பார்த்தான். நான் தேநீரைப் பார்த்தேன்.

"கணக்கு எழுதினது நான்பா" என்றான் மெதுவாக. "ரஷ்யாக்காரன் எழுதல."

ஐயா தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். இவன் விண்ணப்பம் போட்டான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ராத்திரி போன் வந்தது. இடையில் என்ன செய்தாய் என்று கேட்டால் குடும்பத் தொழில் என்று சொல்லிவிடு என்று அப்பா சொன்னாராம்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் துறைத் தலைவி. பெயர்ப் பலகையில் ஜனகா என்று இருந்தது. கோயில் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர். பழைய மார்க்கைப் பார்த்தார், புதிய மார்க்கைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"பள்ளி முடிச்சு இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?"

குடும்பத் தொழில் என்று வாய் வரைக்கும் வந்ததாம். குடும்பத் தொழில் என்றால் பொய் சொல்வதுதானே என்று தோன்றி விழுங்கிவிட்டானாம்.

"மேருவுல குளிர்க்கிடங்குல பெட்டி தூக்கினேன் மேடம். தோள் போச்சு. பிசியோ சரி பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் மறுபடி படிச்சேன்."

"அப்ப ரஷ்யா?"

"போனதில்ல மேடம். அந்தப் படமும் மேருதான். நான் அனுப்பின படம்தான், மறைக்கல."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அந்த அம்மா. "உங்க தலைக்குப் பின்னால ஒரு பெட்டி. பரோட்டா, இருபது துண்டுன்னு மலாயில எழுதியிருந்தது. குழுவுல ஒருத்தர்கூட அதைப் படிக்கல. எல்லாரும் காதை மூடச் சொன்னாங்க."

மற்ற இருவரில் ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். கடைசியாக அந்த அம்மா ஒன்றுதான் கேட்டாராம். வலிக்கவில்லை என்று பொய் சொல்கிற நோயாளி வந்தால் என்ன செய்வீர்கள்? "எங்க வீட்டுல பழக்கம்தான் மேடம்" என்றானாம். "திட்ட மாட்டேன். கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன்."

பத்து நாளில் இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினான். அவர் "உம்" என்றார், அவ்வளவுதான். இவனுக்கு இடம் கிடைத்தது, ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் கல்லூரிச் சட்டையோடு எப்படி நடப்பது? அதற்கு அப்பா வாய் திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கேதீஸ் கோயிலுக்கு வந்தான். என்னையும் கூட்டி வந்தான். ஐயா எங்களைப் பார்த்ததும் தூண் பக்கம் நகர்ந்தார். அதற்குள் இராமலிங்கம் பார்த்துவிட்டார்.

"அடடே, டாக்டர் தம்பி. எப்ப வந்தீங்க? கறுத்துப் போயிட்டீங்களே. அங்க வெயில் இல்லன்னு சொன்னாங்க."

கேதீஸ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஜனகா அம்மாவும் கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார்.  மணி அடித்தது, திரை விலகியது, தீபாராதனை காட்டினார்கள். ஐயா கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார்:

"இராமலிங்கம், அது ரஷ்யா இல்ல. மேரு. பையன் பிசியோ படிக்கப் போறான். ரெண்டு தடவை விழுந்து எழுதித் தேறியிருக்கான்."

இராமலிங்கம் அவரையும் முருகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விபூதி வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐயா முகம் செத்துப் போயிற்று. இனி இந்தக் கோயில் பக்கம் தலை காட்ட முடியாது என்று பக்கத்தில் நின்ற மனைவி ஜெயமாலா அம்மாவிடம் முணுமுணுத்தார். கேதீஸ் அப்பாவைக் கைத்தாங்கலாகப் படி இறக்கினான்.

செருப்பு விடுகிற இடத்தில் இராமலிங்கம் எங்களுக்காகக் காத்திருந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"தம்பி, அந்தக் குளிர்க்கிடங்குல இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?"

"யாருக்கு அங்கிள்?"

"ஷானுக்கு."

"அயர்லாந்துல இருக்கானே?"

"இங்கதான், டெங்கில்ல இருக்கான்" என்றார். "எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல லோரி ஏத்தறான். அங்க எங்க பார்த்தாலும் பனைமரமா இருக்கு, போட்டோ எடுக்க முடியல. குழுவுல எல்லாரும் கேக்கறாங்க."

வல்லிபுரம் ஐயா சிரித்ததை அன்றுதான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். முட்டி வலியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேதீஸ் சிரிக்கவில்லை. போனை எடுத்து, "கிடங்கு வேணாம் அங்கிள். மாலை வகுப்பு டீச்சர் நம்பர் தர்றேன்" என்றான்.

கேதீஸ் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறான். ஆணியில் இன்னும் காலண்டர்தான். படிப்பு முடியட்டும் என்கிறார் ஐயா. தினமும் காலையில் அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து, மகன் சொன்னபடி காலை நீட்டி மடக்குகிறார்.

எங்கள் மேல் அறையில் ஷான் இருக்கிறான். நல்ல பையன், அறிவியல் வருகிறது. கணக்குத்தான் உதைக்கிறது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி விளக்குப் போட ஆரம்பித்திருக்கிறேன்.