நான் நீக்கிய நான்கு வரிகள்

இன்று தாராவிக்குப் போய்விட்டுத் தலை குனிந்தே திரும்பி வந்தேன்.

தோல் பை செய்யும் பட்டறை அது. போன வாரம் அங்கே புதிய யூனிக்ஸ் கணினி வைத்தோம். பழைய பிரிண்டரையே அதில் ஓடவைக்க, அதன் டிரைவர் புரோகிராமை மாற்றி எழுதியவள் நான்.

பழைய புரோகிராமில் நான்கு வரிகள் வேறு வேலையே செய்யாமல் ஒன்று, இரண்டு என்று சும்மா எண்ணிக்கொண்டிருந்தன. வீண் என்று நீக்கிவிட்டேன்.

அதன்பின் பார்சல் முகவரிகளில் எழுத்துகள் விடுபட்டன. முதலாளி காதர் பாய் போன் செய்தபோது, "டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

டைப் செய்யும் மும்தாஜ் அக்கா ஒரு வாரமாகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

இன்று அவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஒரு வரி நீளமா இருந்தா, அடுத்த வரியில மொத எழுத்து விழ மாட்டேங்கு. நாலு நாளா பாத்துட்டேன்."

பிரிண்டரின் அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்வரை அடுத்த எழுத்தை அனுப்பாமல் காத்திருக்கத்தான் அந்த எண்ணிக்கை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீக்கிய நான்கு வரிகளையும் புரோகிராமில் திரும்பப் போட்டேன். எல்லா எழுத்தும் விழுந்தது.

காதர் பாய் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏளா மும்தாஜு, இன்ஜினியரம்மா பக்கத்துல நின்னா மட்டும் ஒழுங்கா அடிக்க! இத்தன நாளும் கண்ண எங்க வச்சிருந்த?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஃபிளாப்பியை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்கு வந்து புரோகிராமில் மட்டும் எழுதிவைத்தேன்: "இந்த வரிகளை நீக்காதே. ஒருமுறை நீக்கியவள் நான்." காதர் பாய் அதைப் படிக்கப் போவதில்லை.

நாளை மறுபடியும் போகிறேன். காதர் பாயிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான்கு வரிக்குள் இருந்தால் நல்லது.