மாடிப்படி அக்காவின் பதினோரு விநாடி

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வசனம் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "வசனம் வந்தாச்சா?" "வசனத்தைக் கேட்டியா?" என்று ஆறு பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போனை எடுத்தால் அவளே "வசனம் பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஓயாமல் இரையும் ஒரு மின்விசிறி. போனில் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்து விற்கிற கம்பெனி அது.

எழுத்து அவளுக்குப் புதிதில்லை. கல்யாணப் பத்திரிகை எழுதியிருக்கிறாள், இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுச்சீட்டு எழுதியிருக்கிறாள். வரன் பார்க்கும் நிலையத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, "அமைதியான சுபாவம், குடும்பப் பாங்கு" என்று ஆயிரம் பெண்களைப் பற்றி ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறாள். அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் அமைதியானவர்கள் என்று அவளுக்கும் தெரியாது, கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். காதல் வசனம் மட்டும் எழுதியதில்லை. வீட்டிலும் அதற்கு வழியில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், நல்ல மனுஷன். ஆனால் பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகப்பெரிய காதல் வசனம் "சாப்பிட்டியா?" என்பதுதான்.

அப்படிப்பட்டவளிடம்தான் முதலாளி அந்த விளையாட்டைக் கொடுத்தார். காதல் கதை. திரையில் படம் வரும், கீழே பேச்சு வரும், மூன்று பதில்களில் ஒன்றை ஆடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கேற்பக் கதை போகும். கதாநாயகன் முன்பின் தெரியாத ஊருக்கு வேலைக்குப் போகிறான். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கிறான். அவள் பேசுவது அவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்ளும்.

"பாஷை நிஜமா இருக்கணும், ஆனா யாருக்கும் தெரிஞ்சதா இருக்கக்கூடாது. ஆடுறவன் நிஜமாவே திண்டாடணும்" என்றார் முதலாளி. சொல்வதற்கென்ன, அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் மாடிப்படி அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அந்தக் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிகளையும் தினம் துடைப்பவள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கோ மலைப்பக்கத்திலிருந்து தனியாக வந்தவள். எல்லோரிடமும் இந்த ஊர்ப் பேச்சுதான். போன் வந்தால் மட்டும், வேறெங்கும் காதில் விழாத ஒரு மொழியில் பேசுவாள். வசனம் வெட்கப்படாமல் போய்க் கேட்டாள். "எங்க பேச்சையா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளே மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு மாசம் நடந்தது அந்தப் பாடம். ஐந்தாவது மாடியில் துடைப்பமும் வாளியும் வைக்கும் சின்ன அறை, டயர் கடைச் சத்தம் எட்டாத ஒரே இடம். சுவரில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, பதிவுக் கருவியை வாளியின் மேல் வைத்து, வசனம் கேட்பாள், அக்கா சொல்லுவாள். கோபித்துக்கொண்ட பெண் எப்படிப் பேசுவாள், சமாதானமானால் எப்படிப் பேசுவாள், எல்லாம். குரல் கொடுக்க ஒரு நடிகையை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் அந்த மொழியை வாயில் வெந்நீர் ஊற்றியதுபோலப் பேசினாள். கடைசியில் அக்காவின் குரலையே வைத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வயசுல என்னைக் கதாநாயகி ஆக்கிட்டியே, பாவி" என்று வசனத்தின் கன்னத்தைக் கிள்ளினாள்.

இருவருக்கும் இடையில் ஒட்டுதல் வந்துவிட்டது. வசனத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட அந்த ஒரு ஆள்தான். அதனால்தான் அவள் செய்த காரியம் இன்றைக்கும் அவளைச் சும்மா விடுவதில்லை.

ஒருநாள் பதிவின் நடுவே அக்காவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கூடப்பிறந்த மூத்தவள். அக்காவின் முகம் மாறியதைப் பார்த்ததும், "நான் போய் டீ வாங்கிட்டு வரேன், நீங்க பேசுங்க" என்று வசனம் நாகரிகமாக எழுந்து போனாள். கருவியை நிறுத்த மறந்துபோனாள். அது மறதிதான், அதில் பொய்யில்லை. மறுநாள் அக்காவே கேட்டாள்:

"நேத்து நான் போன்ல பேசினது அதுல விழுந்திருக்குமே?"

"அது எப்பவோ அழிச்சாச்சுக்கா."

அழிக்கவில்லை. அழிக்கத்தான் போனாள். அழிப்பதற்கு முன் ஒருதரம் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

அந்த வாரம்தான் கடைசிக் காட்சி முதலாளியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. கதாநாயகி ஊரைவிட்டுப் போகும் இடம். அங்கே மட்டும் அவள் பேச்சுக்கு அர்த்தம் போடக் கூடாது, குரலை வைத்தே ஆடுபவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. "உயிரே இல்லையே வசனம்! ஏதோ ரேஷன் கடையில கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றார். அக்காவை வைத்து ஏழு முறை பதிந்தார்கள். அக்காவுக்கு அழுவதுபோல நடிக்க வரவில்லை, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. வெளியிட நாலு நாள்தான் இருந்தது. அந்தப் போன் பேச்சில் இருந்தது நடிப்பில்லாத அழுகை. தொண்டையில் அடைத்து, விழுங்கி, மறுபடி எழுந்து வருகிற குரல்.

பேரையெல்லாம் வெட்டிவிட்டுப் பதினோரு விநாடியை மட்டும் எடுத்தாள். பதினோரு மாசம் படித்தவளுக்கு அதில் பாதி வார்த்தைகள் புரிந்தன. குரல், போதும், கூப்பிடட்டும். மீதி வார்த்தைகளுக்கு அவளுடைய நோட்டைப் புரட்டினால் போதும், இரண்டு நிமிஷ வேலை. அவள் புரட்டவில்லை. தெரிந்துகொண்டால் போட முடியாது என்று அடிமனசுக்குத் தெரிந்திருந்தது. இந்த மொழி யாருக்குத் தெரியப்போகிறது, எவன் கேட்கப்போகிறான் என்று தன்னையே தாஜா செய்துகொண்டு, அந்தப் பதினோரு விநாடியைக் கதாநாயகியின் வாயில் வைத்தாள்.

விளையாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கடைசிக் காட்சியில் அழுதேன், அழுதேன் என்று கடிதமாகக் குவிந்தது. ஒவ்வொன்றையும் வசனம் பாதியிலேயே மூடிவைத்தாள். அக்காவோ படியில் பார்ப்பவர்களிடமெல்லாம், "நான்தான் அந்தத் தபாலாபீஸ் பொண்ணு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவளிடம் இருந்தது பட்டன் போன், ஆடிப் பார்க்க முடியாது. அந்த நல்லவேளையை நினைத்து நிம்மதிப்பட்டதற்கே வசனம் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது மாசம் முதலாளி குதித்துக்கொண்டு வந்தார். "வசனம், உன் பாஷையில ஒரு கடிதாசு வந்திருக்கு பாரு! அந்த மலைப்பக்கம் பூரா நம்ம விளையாட்டுதானாம். அவங்க பேச்சுல வந்த முதல் விளையாட்டே இதுதானாம். பாராட்டாத்தான் இருக்கும், படிச்சுச் சொல்லு."

பாராட்டு இல்லை. அந்தப் பேச்சுக்குத் தனி எழுத்து கிடையாது, நம் எழுத்திலேயே பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வசனம் வார்த்தை வார்த்தையாகப் படித்தாள்.

'விளையாட்டு முழுக்கப் பேசுவது என் சித்தியின் குரல். கடைசியில், "என்னைச் சித்தி என்றே அவள் கூப்பிடட்டும், பெற்ற வயிற்றுக்கு அவள் குரல் கேட்டால் போதும்" என்று சொல்கிறாள். என் சித்திக்குப் பிள்ளை கிடையாது. அவளைச் சித்தி என்று கூப்பிடுவது நான் ஒருத்திதான். இது கதைக்காக எழுதியதா, அவள் நிஜமாகப் பேசியதா? அம்மாவைக் கேட்டால் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.'

வசனம் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பெற்ற பிள்ளையை மூத்தவள் கையில் கொடுத்துவிட்டு வந்து, பதினெட்டு வருஷம் சித்தியாகவே இருந்து, காதும் காதும் வைத்தாற்போல ஒருத்தி காப்பாற்றி வைத்த விஷயம். அதை எடுத்து ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியிருக்கிறாள். அதுவும் காதல் வசனமாக.

முதல் காரியமாக விளையாட்டிலிருந்து அந்த இடத்தை எடுத்தாள். "அந்த இடத்துக்குத்தானே எல்லாரும் அழுறாங்க!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "எடுத்தாச்சு சார்" என்றாள், அவ்வளவுதான். ஆனால் மலைப்பக்கத்துப் போன்களில் பரவியது பரவியதுதான்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நான் எழுதின வசனம்னு நீயே அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் போட்டுடு. அந்தம்மா ரகசியமும் தப்பிச்சது, நீயும் தப்பிச்சே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அந்த மொழியில் நாலு வரி தட்டச்சும் செய்தாள். அனுப்பப் போன விரல் நகரவில்லை. அக்காவைக் கேட்காமல் அவள் குரலை எடுத்தாயிற்று. இப்போது அவள் பெண்ணுக்குச் சொல்லவேண்டிய பதிலையும் அவளைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதா?

மறுநாள் காலை நாலாவது மாடித் திருப்பத்தில் அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். வசனம் மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அழிக்காததை, அழித்தேன் என்று புளுகியதை, தெரிந்துகொள்ளாமலே போட்டதை, பெண் எழுதியதை. அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரே படியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை பேரு கேட்டிருப்பாங்க?"

"நாப்பதாயிரம் பேரு இருக்கும்க்கா."

"எங்க ஊர்ல ஆட்டையும் மாட்டையும் சேர்த்து எண்ணினாலே அவ்வளவு வராதே." சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. வாளியைத் தள்ளிவிட்டு ஈரப்படியிலேயே உட்கார்ந்தாள். "உன்னை என் கூடப்பிறந்தவளாட்டம் நெனச்சேனேடி. வேற யாருகிட்டயும் நான் வாயைத் திறக்கலையே."

"தப்புதான்க்கா. பெரிய தப்பு. என்னை அடிச்சிடுங்க."

"அடிச்சு? அது திரும்ப என் தொண்டைக்குள்ள போயிடுமா?" ஈரத் துணியைப் பிழிந்து போட்டுவிட்டுச் சொன்னாள்: "எழுது. கதைக்கு எழுதினதைச் சித்தி பேசினா, அவ்வளவுதான்னு எழுது. என்னை வளர்த்தவ அம்மா இல்லையான்னு அவ நிக்கக்கூடாது. மூத்தவ மனசும் நோகக்கூடாது."

அக்கா சொல்லச் சொல்ல வசனம் எழுதினாள். கணவர் சொன்ன அதே பொய்தான். தானே அனுப்பியிருந்தால் தப்பித்த மாதிரி இருந்திருக்கும். பெற்றவள் வாயால் கேட்டு எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் கையைச் சுட்டது.

பதில் மத்தியானமே வந்தது. அக்காவுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. ஐந்தாவது மாடி அறையில், வசனம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே வரி. அதை விழுங்கிவிடலாம், 'சரின்னு எழுதியிருக்கா' என்று சொல்லிவிடலாம், இன்னும் ஒரு பொய் என்ன கெட்டுப்போயிற்று என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"என்ன போட்டிருக்கா? படி."

படித்தாள், அந்த மொழியிலேயே, தப்பில்லாமல்.

'அப்படியா. நிஜமாக இருக்கட்டும் என்று மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன்.'

அக்காவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது. வசனம் கிட்டே போய்த் தொடப் பார்த்தாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகத்தை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, பட்டன் போனை எடுத்து, முதலில் மூத்தவளைக் கூப்பிட்டாள். ஒரே வார்த்தை பேசினாள்: "சொல்லிடட்டுமா?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அதைக் கேட்டுவிட்டு, "போனை அவகிட்ட குடு" என்றாள்.

வசனத்தின் மனசு அந்த நேரம் பார்த்தா துள்ள வேண்டும்! எல்லாம் நல்லதாகத்தான் முடிகிறது, தன்னால்தானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அக்கா போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள்.

"நல்லது பண்ணிட்டதா நெனைச்சுக்காதே. இதை எப்போ சொல்லணும்னு நான் பதினெட்டு வருஷமா பார்த்து வெச்சிருந்தேன். அதை நீ எடுத்துக்கிட்டே."

"அக்கா..."

"போ. கதவைச் சாத்திட்டுப் போ. இதையாவது நான் தனியா பேசிக்கிறேன்."