சிமெண்டுப் பன்றியும் பதிமூன்று நாற்பதும்

வெர்னா ஸ்டிட்டம் வீட்டு முன்வாசலில் ஆறு வருடமாக ஒரு சிமெண்டுப் பன்றி நின்றுகொண்டிருந்தது. இளஞ்சிவப்பு நிறம், இடுப்பளவு உயரம், எல்லாம் தெரிந்தது போன்ற ஒரு சிரிப்பு. அது நின்ற இடத்தில் வெர்னா ஊஞ்சல் மாட்ட நினைத்திருந்தாள். ஊஞ்சல் வாங்கியும் ஆகிவிட்டது. அது பின்கட்டுக் கொட்டகையில் சிலந்திகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

பன்றி வந்த காரணம் அவள் கணவன் ஹாய்ட். வருடா வருடம் இலையுதிர் காலத்தில், பென்ட் கிரீக் பந்தயத் தடத்தில், ஹாய்ட்டும் வெர்னாவின் அண்ணன் ஓடெலும் கால் மைல் கார்ப் பந்தயம் ஓட்டுவார்கள். தோற்றவன் வீட்டு வாசலில், சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி, அடுத்த வருடம் வரை பன்றி நிற்க வேண்டும். தபால்காரர் இப்போதெல்லாம் விலாசம் பார்ப்பதில்லை. பன்றியைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார்.

"இந்த வருஷமும் பன்னி இங்கயே நின்னா, நான் கொட்டகையில போய் ஊஞ்சல்ல உக்காந்துக்குவேன். சாப்பாட்டை நீயே பாத்துக்கோ" என்றாள் வெர்னா. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் செய்துவிடுவாள். ஹாய்ட்டுக்கு அது தெரியும்.

ஹாய்ட்டின் கார் முன்பு போல ஓடவில்லை. கிளப்பினால் நீலப் புகை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டப்பா எண்ணெய் குடித்தது. ஹாய்ட் முதலில் பெட்ரோலைக் குறை சொன்னான். பிறகு ஈரக்காற்றை. பிறகு ஓடெலை.

"உங்க அண்ணன் ராத்திரி வந்து டேங்க்ல சர்க்கரை போட்டுட்டுப் போறான்."

"எங்க அண்ணன் காப்பிக்கே சர்க்கரை போடமாட்டான், கஞ்சன்" என்றாள் வெர்னா. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தாள். மூன்றாவதும் ஐந்தாவதும் எண்ணெயில் நனைந்து, கருகிய பீன்ஸ் மாதிரி இருந்தன.

ஹாய்ட் ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தான். மூன்றிலும் ஐந்திலும் முள் பாதி வழியில் நின்றது.

"வால்வுதான்" என்றான்.

வெர்னா சமையலறையிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவந்தாள். மூன்றாவது துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மறுபடி சுற்றச் சொன்னாள். முள் விறுவிறுவென்று ஏறியது.

"எண்ணெய் போய் இடுக்கை அடைச்சதும் ஏறுது பாத்தியா? வால்வா இருந்தா ஏறாது. பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு."

"மானி பொய் சொல்லுது."

"சரி, காத்து பொய் சொல்லுதான்னு பாப்போம்."

துளை வழியாகக் காற்றை ஏற்றினார்கள். வால்வு கசிந்தால் சீற வேண்டிய கார்புரேட்டர் பக்கம் சத்தமில்லை. புகைக்குழாயிலும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஹாய்ட் குனிந்து காது வைத்தான். புஸ்ஸென்று வந்த காற்று, எண்ணெயைத் தெளித்து அவன் காதை நிரப்பியது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் வெர்னா.

"சரியா கேக்கல" என்றான், காதைத் துடைத்துக்கொண்டே.

குளிர்காலம் முழுக்க எஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. பதினாறு வால்வுகளும் இடம் மாறாமலிருக்க வெர்னாவின் கப்கேக் தட்டுகளில் எண் போட்டு உட்கார்ந்தன. சர்ச் விருந்துக்கு அந்த வருடம் அவள் சோள ரொட்டிதான் கொண்டுபோனாள். பட்டறைக்காரர் சிலிண்டர்களைக் குடைந்து கொடுத்ததும், ஹாய்ட் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, "சுத்தம்" என்றான். வெர்னா பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டுவந்து, வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே வரும்வரை தேய்த்தாள். பதினோரு தடவை. புது ரிங்குகளில் மேல்பக்கத்தைக் காட்டும் புள்ளி மேலே பார்க்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஹாய்ட் மாட்டுவதற்கு முன் பார்த்தாள். இரண்டு கீழே பார்த்தன. அவற்றைத் திருப்பி அவன் கையில் கொடுத்தாள்.

பந்தய நாள் காலையில் மழை. ஓட்டிப் பார்க்கும் சுற்றுகள் ரத்தாகி, மதியம் நேராகப் போட்டி. அங்கே ஒரு வழக்கம். கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். மெதுவான காருக்கு, இரண்டு எண்களின் வித்தியாசம் எத்தனை வினாடியோ அத்தனை முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால், முதலில் வந்தாலும் தோல்வி.

ஓடெல் 14.10 எழுதினான். ஹாய்ட் வழக்கம்போல 13.40.

"பன்னெண்டு எண்பதுன்னு போடு" என்றாள் வெர்னா. "எஞ்சின் புதுசு."

"ரிங் மாத்துனதுக்கெல்லாம் அவ்வளவு வேகம் வராது. கோளாறு பெட்ரோல்ல இருந்துச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

பன்னிரண்டு எண்பது போட்டால், கரண்டியும் காற்றும் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஹாய்ட் பாலிஷ் பாட்டிலை மூடினான்.

"மாப்ள," என்று பக்கத்துக் காரிலிருந்து ஓடெல் கூப்பிட்டான், "பன்னிக்குக் குளிருமே, ஸ்வெட்டர் பின்னிட்டியா?"

"உன் சைசுல பின்னியிருக்கேன் மச்சான். உன் வாசல்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கோங்க."

ஓடெலுக்குப் பச்சை. அடுத்த கணம் ஹாய்ட்டுக்கு. கார் பாய்ந்தது. புகையே இல்லை. பாதித் தடத்திலேயே ஓடெலைத் தாண்டிவிட்டது. முடிவுக் கோட்டருகே தாண்ட வேண்டியதைப் பாதியில் தாண்டினால் என்ன அர்த்தம் என்று வேலியருகே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

"பிரேக் பிடி" என்று கத்தினாள் வெர்னா. இருபது வருடச் சமையலறையில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

ஹாய்ட் வேலியைப் பார்த்தான். தன் மனைவி கையை ஆட்டிக் கூவுவதைப் பார்த்தான். திருமணமான நாளிலிருந்து அவள் அப்படி உற்சாகப்படுத்தியதே இல்லை. மனசு நிறைந்து ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான்.

பலகையில் 12.86 என்று எரிந்தது. பக்கத்தில் ஓடெல் பெயருக்கு மேல் வெற்றி விளக்கு.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் பன்றி சிரித்துக்கொண்டு காத்திருந்தது. ஹாய்ட் பாலிஷ் பாட்டிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"ரிங்தான்" என்றான். "இனிமே நம்பரை நீயே எழுது."

வெர்னா மூடியைத் திறந்தாள். அடுத்த வருடம் வரை காத்திருக்கவில்லை. குனிந்து பன்றியின் நெற்றியில், சாலையில் போகிறவர்களுக்கும் தெரியும்படி, 12.86 என்று பெரிதாக எழுதினாள். பிறகு உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு, கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாடு?" என்றான் ஹாய்ட்.

"பீன்ஸ் டப்பா மேல் அலமாரியில இருக்கு" என்றாள்.