பாரிஸில் ஒரு ராமசாமி

சுற்றுலா நடத்துகிறவனுக்கு உண்மையில் ஒரே வேலைதான்: தலைகளை எண்ணுவது. கோபுரமும் ஆறும் ஓவியங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். அழைத்து வந்த ஆட்கள்தான் இருக்கமாட்டார்கள். சிட்னியின் பரமட்டாவில் ஒரு சிறிய பயண அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான், ஆண்டுக்கு ஒருமுறை பதினான்கு தமிழர்களைப் பாரிஸுக்கு அழைத்துப்போகிறேன். சொந்தக்காரர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு என் பாடு புரியும். இனிமேல் போகப்போகிறவர்கள் சற்றுக் கவனமாக வாசியுங்கள். எல்லாம் போன பயணத்தில், ஒரே நாளில் நடந்தது.

கேட்பதற்கு முன்னால்

பாரிஸில் எந்தக் கடைக்குள் போனாலும் முதல் வார்த்தை "போன்ஜூர்". அந்த வணக்கத்தைச் சொல்லாமல் எதையாவது கேட்டால், அங்கே அது மரியாதைக் குறைவு. இதை விமானத்தில் ஏறும் முன்பே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

அன்று காலை ரொட்டிக்கடையில் தவராசா அண்ணை அதை மறந்துவிட்டார். மெல்பேர்ணின் டண்டினொங்கில் முப்பது வருடம் தொழிற்சாலை வேலை பார்த்தவர். எதையும் நேரே கேட்டுத்தான் பழக்கம். "வாட்டர்" என்றார். கடைக்காரப் பெண் "போன்ஜூர்" என்றார். அந்தப் பெண்ணுக்குக் காது மந்தம் என்று நினைத்து, அண்ணை இன்னும் உரத்து "வாட்டர்" என்றார். மறுபடியும் "போன்ஜூர்". வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அவர் சார்பில் வணக்கம் சொன்ன பிறகுதான் போத்தல் வந்தது. வெளியே வந்து ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணை கேட்டார்: "ஒரு போத்தல் தண்ணிக்கு இவ்வளவு சுகம் விசாரிக்க வேணுமோ?"

ஒரு தட்டு, ஒரு ஆள்

பாதாள ரயிலில் ஆளுக்கு ஒரு பயண அட்டை வேண்டும். நுழைவுக் கதவில் அதை ஆளாளுக்குத் தனியாகத் தட்ட வேண்டும். கணவனும் மனைவியும் என்றாலும் இரண்டு தட்டுதான்.

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சாப்பாட்டுக்கடை ஒரே ஒரு நிலையம் தள்ளி இருந்தது. சிட்னி வெஸ்ட்மீட்டில் மகனோடு வசிக்கும் பழனிவேல் ஐயா முன்னால் போனார். ஈரோட்டிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆன, மிக நிதானமான மனிதர். அவர் அட்டையைத் தட்டியதும் கதவு திறந்தது. அவர் மனைவி மங்கை அம்மா அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நடைபாதை வளைவில் மூன்று பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். ஐயாவின் அட்டையைப் பார்த்துப் போகச் சொன்னார்கள். அம்மாவின் அட்டையில் அன்று காலையிலிருந்து ஒரு தட்டும் இல்லை. நான் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா என் காதருகே கேட்டார்: "கல்யாண போட்டோ ஃபோன்ல இருக்கு தம்பி, காட்டட்டுமா?"

கதவு

அபராதச் சீட்டு கைக்கு வந்தபோது கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாங்கள் படியிறங்கி மேடைக்குப் போவதற்குள் கதவுகள் மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் பழனிவேல் ஐயா மட்டும். நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று நினைத்து ஏறியிருக்கிறார்.

முதலில் நான் பயப்படவில்லை. பிரிந்துபோனால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில்லுங்கள் என்பது எங்கள் விதி. ஆனால் மங்கை அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. சாப்பாட்டுக்கடை பக்கம்தானே என்று ஐயா கால் மணி நேரத்துக்கு முன்பே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறார். பிஸ்கட்டும் பழச்சாறும் அம்மாவின் பையில். ரோமிங் செலவுக்குப் பயந்து மகன் அவருடைய ஃபோனை வேலை செய்யாதபடி மாற்றிவைத்திருந்தான். ஊசி போட்டு, சாப்பிடாமல், கையில் ஒன்றுமில்லாமல் ஒரு சர்க்கரை நோயாளி.

அடுத்த நிலையத்தில் அவர் இல்லை. மேடை முழுவதும் இரண்டு முறை நடந்து பார்த்தேன். அம்மா பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி என் பின்னாலேயே நடந்தார். அப்போது தவராசா அண்ணைதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். சிட்னி ரயில்களில் தானாகத் திறப்பதுபோல இங்கே எல்லா வண்டியிலும் கதவு திறக்காது. பழைய பெட்டிகளில் பிடியை நாமே தூக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்க மறந்தது அந்த ஒன்றைத்தான். அண்ணை என்னைக் குறை சொல்லவில்லை. "கதவு திறக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருப்பார் தம்பி. நேற்று நானும் அப்பிடித்தான் நிண்டனான்" என்றார்.

பெயர்

அப்படியானால் பலபேர் இறங்கும் நிலையத்தில்தான் அவராலும் இறங்க முடிந்திருக்கும். மூன்று நிலையம் தள்ளி, நாலைந்து பாதைகள் கூடும் பெரிய நிலையம் ஒன்று இருந்தது. மற்றவர்களை அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டு நானும் அம்மாவும் அங்கே போனோம். மேடையில் அவர் இல்லை. மேலே உதவி முகப்பிலிருந்த பெண்ணிடம், அந்த அவசரத்திலும் வணக்கம் சொல்லி, ஐயாவின் கடவுச்சீட்டு நகலை நீட்டினேன். அந்தப் பெண் குடும்பப் பெயர் இருந்த கட்டத்தைப் பார்த்து, ரகரத்தை ஹகரமாக்கும் பிரெஞ்சு உச்சரிப்பில், ஒலிபெருக்கியில் மரியாதையாக அழைத்தார்: "மெஸ்யூ ஹமசாமி". இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடியும். பிறகு மூன்றாம் முறை. யாரும் வரவில்லை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இனி மருத்துவ உதவிக்குச் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் கேட்டார்.

மங்கை அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "யாரைத் தம்பி கூப்பிடுறாங்க? ராமசாமி என் மாமனாரு. அவரு போயி இருபது வருஷமாச்சு."

வெஸ்ட்மீட்டில் டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அவரைப் "பழனி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்த அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் விளக்கியதை அந்தப் பெண் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் "பலனிவேல்" என்று ஒருமுறை அழைத்தார்.

ஒரு நிமிடத்தில் எதிர்ப்பக்க வழியிலிருந்து ஐயா சுவரைப் பிடித்தபடி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. அம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பழச்சாற்றைத் திறந்து அவர் வாயில் வைத்தார். பாதி குடித்து, பிஸ்கட் இரண்டு தின்று, நடுக்கம் அடங்கிய பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ராமசாமின்னு யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க தம்பி. நம்ம ஊர்க்காரர் காணாமப் போயிட்டாரேன்னு நானும் எந்திரிச்சு அவரைத் தேடிக்கிட்டிருந்தேன்."

ஆகவே ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறவர்களே, அங்கே உங்கள் அப்பாவைக் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியவர் நீங்கள்தான்.